ஹெட்டில் விழாத விரிசல்

சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளுகிற அளவுக்கு ஒன்று, ஆனால் இப்போது கிடையாது, கொஞ்சம் பொறுக்க வேண்டும், ஏனென்றால் முதலில் சிரிக்க வேண்டியவள் இன்னும் சிரிக்கவில்லை. ரேணுகாக்காவுக்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அந்தச் சேட்டை செத்த சேட்டை. ஆகவே மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, கீழே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் எங்கள் வெள்ளைக் கார், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த சின்னக் கார், பானெட்டைத் தூக்கி வாயைப் பிளந்து நிற்கிறது. இஞ்சினின் மேல்பாதியான ஹெட் அதில் இல்லை. அதைக் கழற்றி, அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவித் தரச்சொல்லி, கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற சாமியப்பண்ணனிடம் வியாழக்கிழமையே கொடுத்தாயிற்று. இன்றைக்குச் சனி. சாமியப்பண்ணன் இப்போதுதான் அக்காவுக்குப் போன் செய்தார். அதாவது நான் செய்தேன். அம்மாவின் பழைய பட்டன் போனில் சிநேகிதன் ஒருவனின் சிம்மைப் போட்டு, நாக்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டவர் மாதிரி, அலோ, ஏம் அம்மிணி, சாமியப்பன் பேசறன், என்றேன். வார்த்தைக்கு வார்த்தை நடுவில் அண்ணத்தில் நாக்கை வைத்து ர்ர்ரீ என்று லேத்து ஓடுகிற சத்தத்தையும் கொடுத்தேன், அதை யாரும் கொடுக்கச் சொல்லவில்லை, அது என் சொந்த உபயம். ஹெட்டை மிசின்ல ஏத்திப் பாத்தனா, ரெண்டாவது சிலிண்டர்ல, வால்வு ரெண்டுக்கும் நடுவுல, தலைமசுறு கணக்கா ஒரு விரிசல், இனி அது ஆவாது அம்மிணி, வேற ஹெட்டு பாத்துக்க. மூன்றாவது வார்த்தையில் டேய் மிதுனு என்று வந்திருக்க வேண்டும். எப்போதும் வரும். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியராகப் பேசினாலும் வரும், கேஸ் ஏஜென்ஸிப் பெண்ணாகப் பேசினாலும் வரும், பெரியம்மா ஒப்பாரி வைக்கிற மாதிரி அழுதுகொண்டே பேசினாலும், எருமை மாடே, இறங்கி வா கீழ, என்று வரும். வரவில்லை. அப்படீங்களாண்ணா, என்றாள். சரிங்கண்ணா, என்றாள். வைத்துவிட்டாள்.

வைத்துவிட்டாளா? போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன், வைத்துவிட்டாள்தான். சரி, திரும்பி மாடியைப் பார்ப்பாள், செருப்பைக் கழற்றுவாள், இப்போது பார்ப்பாள், இப்போது. பார்க்கவில்லை. திருமூர்த்தியைப் பார்த்தாள். அவன்தான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே. ஆவணியில் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன், உடுமலைப்பேட்டைக்காரன், அந்த விளக்கு என் வேலை, இரண்டு வருஷமாக என் வேலை. அவள் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, கார் சர்வீஸ் கடையில் ஆறு ஆண்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக நின்று, ஒரு ஓட்டைக் காரை வாங்கிக்கொண்டு வந்தாளே, அதை ஓடவைத்தது நாங்கள் இரண்டு பேர். அவள் ஸ்பேனர், நான் விளக்கு. விளக்கு என்றால் சும்மா பிடிப்பது இல்லை, கை எங்கே போகப்போகிறதோ அதற்கு ஒரு கண் முன்னால் வெளிச்சம் போக வேண்டும், அதோடு வாய் சும்மா இருக்கக்கூடாது, அவள் கடைக்கு வருகிற கஸ்டமர் ஒவ்வொருவர் குரலிலும் நான் பேச வேண்டும், வண்டில ஒரு சத்தம் வருதும்மா, என்ன சத்தம் சார், அதாம்மா, உங்க ஆம்பளை மெக்கானிக் யாராவது இருந்தா அவர்கிட்ட சொல்றேன். அவள் சிரிப்பாள். சிரிப்பதற்கு முன்னால் விக்கல் மாதிரி ஒரு மூச்சை உள்ளே இழுப்பாள், பிறகு ஸ்பேனர் கையிலிருந்து விழும், பிறகுதான் சத்தம். திருமூர்த்தி விளக்கைப் பிடிப்பதைப் பாருங்கள், சாமிக்குச் சூடம் காட்டுகிற மாதிரி. வாயைத் திறப்பதில்லை. ம் என்பான், இல்லைங் என்பான், பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காப்பி எப்படி என்று கேட்டதற்குச் சூடா இருக்குதுங் என்றான். நான் ஊரில் எல்லார் குரலிலும் பேசிவிட்டேன், அவன் குரலில் மட்டும் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது அவனிடம், ஒரு ம்-மை எப்படிப் பேசுவது. போனில் அவன் பெயரைக்கூடப் பதிந்து வைக்கவில்லை, வெறும் எண்ணாக இரண்டு தடவை வந்தான், எடுக்கவில்லை. இந்தக் கேஸ்கெட்டைப் போக்கியவனே அவன்தான். ஹெட்டுக்கும் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது, அதுதான் கேஸ்கெட், தண்ணீரைத் தண்ணீர் பாதையிலும் ஆயிலை ஆயில் பாதையிலும் நெருப்பை நெருப்பின் இடத்திலும் அடக்கி வைக்கிறது, வண்டி அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் அது போகும், போனால் எல்லாம் எல்லாவற்றிலும் கலந்துவிடும். போன ஞாயிறு இரண்டு பேருமாக ஆனைகட்டி மலைக்குப் போனார்கள், அவன் ஓட்டினான், சூட்டைக் காட்டுகிற முள் மேலே மேலே ஏறியிருக்கிறது, அவன் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான், ஏனென்றால் அதைப் பெட்ரோல் முள் என்று நினைத்திருக்கிறான், ஏற ஏற நல்லதுதானே என்று நினைத்திருக்கிறான். பானெட்டுக்குள்ளிருந்து இட்லிக் குண்டா மாதிரி ஆவி. சைலன்ஸரில் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் விட்ட காப்பி. இதையெல்லாம் அவளே வந்து சொன்னாள், நான் ஓட்டி இப்படி ஆகியிருந்தால் என்னை அந்த மலையிலேயே புதைத்திருப்பாள், கதவை வேகமாகச் சாத்தியதற்கு மூன்று நாள் என்னோடு பேசாதவள் அவள். அவனைத் திட்டினாயா என்று கேட்டேன். இல்லடா, அவர் அந்த முள்ளைக் காட்டி ஏற ஏற நல்லதுன்னு நெனச்சனுங்கன்னாரு, எனக்குச் சிரிப்பு தாங்கல, ரோட்டோரம் உக்காந்து சிரிச்சேன், என்றாள். ரோட்டோரம் உட்கார்ந்து. விக்கல் வந்ததா, மூச்சை உள்ளே இழுத்தாயா, கையில் இருந்தது விழுந்ததா என்றெல்லாம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. ஒரு வேலையும் செய்யாமல், ஒரு குரலும் எடுக்காமல், ஒரு இஞ்சினை நாசம் செய்து அந்தச் சிரிப்பை வாங்கிவிட்டான். நான் ஒரு நிமிஷச் சிரிப்புக்கு ஒரு வாரம் ஒருவன் பின்னாலேயே போய் அவன் பேச்சைக் கேட்டுவிட்டு வருகிறவன்.

மிதுனு, என்று கூப்பிடுகிறாள். இதோ. வந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டாள், லேசாகத் தாமதம், பரவாயில்லை, அவன் பக்கத்தில் இருந்தால் காது மந்தமாகாதா என்ன, நான் சிரிப்பைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்குகிறேன். அவள் முகம் வாடியிருக்கிறது. கையைத் துடைத்த துணியையே மறுபடி மறுபடி துடைக்கிறாள். லேத்து சாமியப்பண்ணன் போன் பண்ணினார்டா, ஹெட்டு விரிசலாம், என்கிறாள். நான் அவள் கண்ணையே பார்க்கிறேன். ஒன்றுமில்லை. கண்ணுக்குள் எதுவுமில்லை. திருமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஐயோ பாவம், தான் செய்த பாவத்துக்கு ஹெட்டே போய்விட்டதே என்று. சொல்லிவிடலாம், அக்கா அது நான்தான், மூன்று சொல், சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் சொல்வது என்றால் என்ன, நீ என்னைக் கண்டுபிடிக்கவில்லை என்று நானே சொல்வது, அதுவும் இவன் முன்னால். அவளாகக் கண்டுபிடித்தால்தான் உண்டு. இதற்குள் அவள் உக்கடம் போய் வாடா என்கிறாள். பழைய வண்டி உடைக்கிற கடைகளில் இந்த மாடல் ஹெட் ஒன்று இருந்தாலும் இருக்கும், அவரை அனுப்பினால் ஆட்டோ ஹெட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார், உனக்குத்தான் தெரியும் எது நல்ல ஹெட் என்று, கிடைக்காமல் வராதே. பிறகு தன் டூல் பெட்டியைத் திறந்து ஸ்டீல் ஸ்கேலை எடுக்கிறாள். அந்த ஸ்கேலை யாரும் தொடக்கூடாது. அப்பா ஒரு தடவை அதால் பல்லி அடித்ததற்கு அவரோடும் பேசவில்லை. அதை என் கையில் வைக்கிறாள், குறுக்கில் வைத்துப் பார், மூலைக்கு மூலை வைத்துப் பார், கீழே வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். உனக்குத்தான் தெரியும். அவன் முன்னால் சொன்னாள், உனக்குத்தான் தெரியும். நான் திருமூர்த்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன், விளக்கை நீயே பிடி ராசா, வெறும் சிலிண்டருக்குச் சூடம் காட்டு.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, ஸ்கேலைச் சட்டைக்குள் முதுகுப் பக்கம் சொருகியிருக்கிறேன், ஜில்லென்று இருக்கிறது, சிங்காநல்லூர் தாண்டும்போதே சந்தோஷம் தீர்ந்துவிட்டது. என்னை அனுப்பினாள் சரி, அவனை வைத்துக்கொண்டாளே. அம்மாவும் அப்பாவும் அவினாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், வாசலில் இரண்டு பேர், நடுவில் ஹெட் இல்லாத ஒரு கார். என்ன பேசுவார்கள்? அவன் ம் என்பான், அவள் என்ன சொல்வாள்? ஆவணிக்குப் பிறகு அவள் உடுமலைப்பேட்டைக்குப் போய்விடுவாள், காரும் போய்விடும், அதைச் சீதனம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் போய்விடும். இதோ கண்டக்டர் முன் சீட்டுக்காரரிடம், சில்லறையாக் குடுங்க சாமி, நோட்டை நீட்னா நான் எங்க போறது, என்கிறார், நல்ல குரல், மூக்கில் ஆரம்பித்து நெஞ்சில் முடிகிறது, வேறு நாளாக இருந்தால் உக்கடம் போவதற்குள் உருவியிருப்பேன். இன்றைக்கு நாக்கு எழவில்லை. என் குரல் உடைந்த வருஷம் ஞாபகம் வருகிறது. பதினாலு வயது, மூன்று மாசம் எந்தக் குரலும் வரவில்லை, வாயைத் திறந்தால் தகரக் கதவு. பள்ளிச் சுற்றுலா போன இடத்தில், தலைவலி என்று ஒரு ஆசிரியரின் போனில் வீட்டுக்குக் கூப்பிட்டேன், அம்மா எடுத்தாள், அம்மா என்றேன், யாருங்க, ராங் நம்பருங்க, என்று வைத்துவிட்டாள். பெற்றவள். மறுபடி அடித்தேன், அக்கா எடுத்தாள், நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, மிதுனு என்னாச்சுடா, என்றாள். நான் அழுதுவிட்டேன், தலைவலியால் இல்லை. ஊரில் இருக்கிற குரலெல்லாம் என்னிடம் இருக்கிறது, ஆனால் எதைப் போட்டாலும் உள்ளே இருப்பது நான் என்று தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்கிற தைரியத்தில்தான் போட்டேன். இன்றைக்கு அப்படீங்களாண்ணா என்கிறாள். சரிங்கண்ணா என்கிறாள். என்னிடம் அண்ணா என்கிறாள். ஒருவேளை நான் அவ்வளவு நன்றாகச் செய்தேனோ? அப்படியிருக்கலாம், சந்தோஷப்பட வேண்டியதுதானே, படு, ஏன் படவில்லை. சாமியப்பண்ணனே நிஜமாகப் போன் செய்துவிட்டால்? ஹெட் ரெடி அம்மிணி, வந்து எடுத்துக்க, என்றால்? செய்யட்டும். செய்யக்கூடாது. அவர் மூலமாகத் தெரிவதற்கு அவளாகத் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல், அவளாகத் தெரிந்துகொள்ளாமலே போவதற்கு அவர் மூலமாகவாவது தெரிவது மேல். இரண்டும் மேல் இல்லை. போனை எடுத்துப் பார்க்கிறேன், யாரும் கூப்பிடவில்லை.

உக்கடத்தில் கதவுகள் ஒரு பக்கம், பானெட்டுகள் ஒரு பக்கம், கண் பிடுங்கின ஹெட்லைட்டுகள் கூடை கூடையாக. வெயில் தகரத்தில் பட்டு முகத்தில் அடிக்கிறது. முதல் கடையில் அந்த மாடலா, அது எல்லாம் உருக்கியாச்சு தம்பி என்றார்கள். இரண்டாவது கடையில் நாலு சிலிண்டர் ஹெட்டைக் காட்டி, ஒன்றை அடைத்துவிட்டால் மூன்றுதானே என்றார்கள். மூன்றாவது, நாலாவது, ஏழாவது. ஒரு மணி தாண்டிவிட்டது, இரண்டாகப் போகிறது, சாப்பிடவில்லை, கறுப்பு எண்ணெய் முழங்கை வரைக்கும். கடைசியில் மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில், வேப்பமரத்தடிக் கடையில், பாய் ஒருவர் சைக்கிள் டயருக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டார். மூன்று சிலிண்டர், எங்கள் மாடல், மண்ணெண்ணெயில் துடைத்தால் வால்வு இடமெல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஸ்கேலைக் குறுக்கில் வைக்கிறேன், மூலைக்கு மூலை வைக்கிறேன், குனிந்து கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். வெளிச்சம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இல்லை என்று போயிருக்கலாம். பாய் இடுப்பில் கைவைத்து நிற்கிறார், இவ்வளவு நேரம் ஆராய்கிறாயே, பொண்ணு பார்க்கவா வந்தாய் என்கிறார். என்ன செய்கிறேன் நான்? விரிசல் விழாத ஒரு ஹெட்டுக்குப் பதிலாக இன்னொரு ஹெட் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். அவள் இதைப் பூட்டுவாள், எவனோ எங்கேயோ கொதிக்கவிட்ட இந்தப் பழசைப் பூட்டி, பத்து போல்ட்டையும் நடுவிலிருந்து ஆரம்பித்து வரிசையாக முறுக்கி, ஒரு மாசத்தில் மறுபடி ஆவி, அப்போதும் அவன் ஏற ஏற நல்லதுன்னு நெனச்சனுங் என்பான், அப்போதும் அவள் சிரிப்பாள், உடுமலைப்பேட்டை ரோட்டில், நான் இல்லாத இடத்தில். வேண்டாம். போன் செய்து சொல்லிவிடுகிறேன். என் குரலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணை எடுக்கப் போகும்போது போன் அடிக்கிறது. பெயர் இல்லை, வெறும் எண்.

தம்பி, சாமியப்பன் பேசறன், என்கிறது. வெற்றிலை ஒரு கன்னத்தில். சொல்லுங்கண்ணா, என்கிறேன். இன்றைக்கு எங்கள் பக்கம் மாசாந்திரக் கரண்டு கட்டு, காலையில் ஒன்பது மணிக்கே நிறுத்திவிட்டார்கள், நேற்றே தெரியும், அதனால்தான் உங்கக்கா ஏழரைக்கே வந்து ஹெட்டை வாங்கிக்கொண்டு போனது, என்கிறது குரல். ஏழரைக்கு நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வாசல் மூலையில் சாக்குப்பை மூடி என்னவோ கிடந்தது, உரக்கடை மூட்டை என்று நினைத்தேன். "பத்தரைக்கு லேத்து ஓடற சத்தத்தோட, என்ற பேருல, விரிசல்னு போன் போட்டது எவன்டா? கரண்டே இல்லாத பட்டறையில லேத்து ஓட்டுனவன் எவன்?" பாய் என்னைப் பார்க்கிறார். நான் வேப்பமரத்தின் அந்தப் பக்கம் போய்த் திரும்பி நிற்கிறேன். கேஸ் ஏஜென்ஸிப் பெண், தலைமையாசிரியர், பெரியம்மா, கூப்பிட்டால் ஓடிவருகிறவர்கள் ஒருவரும் வரவில்லை, வந்தது அந்தத் தகரக் கதவுதான். நாந்தாங்கண்ணா, என்கிறேன். அக்காகிட்டச் சொல்லீராதீங்கண்ணா, நானே சொல்லிக்கறேன். எதுக்குடா அப்படிச் செஞ்ச, என்கிறது குரல், கோபம் இல்லாமல், அதனால்தான் பொய் சொல்ல வரவில்லை. "அவளுக்கு இன்னும் என் குரல் தெரியுதான்னு பாத்தனுங்கண்ணா. தெரியல." குரல் மெதுவாகச் சொல்கிறது, "தெரியுமாம்டா. நீ வேற ஆளாப் பேசறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு எடுப்பயாம். அலோங்கறதுக்கு முன்னாடியே, அந்த மூச்சுலயே தெரிஞ்சுபோச்சாம்." எந்த மூச்சு? நான் மூச்சு எடுக்கிறேனா? எனக்கே தெரியாத ஒரு மூச்சை அவள் இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள், நெஞ்சில் இருந்த இரும்பை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருக்கிறது, அலோவுக்கு முன்னாடியே, அப்படியானால் அந்த வாடின முகம், அந்தத் துணி, உனக்குத்தான் தெரியும், கிடைக்காமல் வராதே. எத்தனை மணி நேரம். கிட்டத்தட்ட நாலு மணி நேரம் என்னை அலையவிட்டிருக்கிறாள். ஆனால் இதெல்லாம் சாமியப்பண்ணனுக்கு எப்படி, அவரிடம் இதை யார். அவருக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்கிறது, கொஞ்ச நேரமாகவே கேட்கிறது, நான்தான் கேட்கவில்லை. லேத்து இல்லை. மூன்று அடி, மூன்றாவது அடி ஒரு இழை தாமதம், மறுபடி மூன்று அடி, நிதானமாக, சூடாகாமல். அந்த இஞ்சினை நான் வாயால் ஆயிரம் தடவை ஓட்டியிருக்கிறேன். அதற்கும் கிட்டத்தில் யாரோ விக்கல் மாதிரி ஒரு மூச்சை உள்ளே இழுக்கிறார்கள், சிமெண்டுத் தரையில் ஸ்பேனர் விழுகிறது, அவள் சிரிக்கிறாள், உட்கார்ந்துகொண்டுதான் சிரிக்கிறாள், தரையிலிருந்து வருகிறது சத்தம். சாமியப்பண்ணனின் குரல் அவர் வெற்றிலையோடு கழன்று விழ, அதற்கு அடியிலிருந்து, நான் ஒரு நாளும் காதுகொடுத்துக் கேட்டிராத ஒரு குரல், உடுமலைப்பேட்டை இழுப்போடு, வெட்கத்தோடு, திருமூர்த்தியின் குரல் சொல்கிறது:

"அந்த ஹெட்டை அங்கயே வெச்சுப்போட்டு வாங்க மாப்ள. வண்டி ஓடுது."